சாம்பலில் ஆறிய போல்ட்டுகள்

அந்தக் கூடையைத் தொடும்போதே அவளுக்குக் குமட்டும். பழைய கிரேன்களிலிருந்து கழற்றிய போல்ட்டுகள். திருகு மரைகளின் பள்ளத்தில் கெட்டிப்பட்ட கிரீஸ், அதில் ஒட்டிய மயிர், பூச்சிக்கால், யாரோ துப்பிவைத்தது போல ஏதோ ஒன்று. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, தலையில் பொறித்த எண்ணைப் பார்த்துப் பிரித்துப் போடுவது அவள் வேலை. பத்து புள்ளி ஒன்பது என்றிருந்தால் நல்ல எஃகு. அதைக் கணவன் உலையில் சிவக்கவைத்து, தலையை வெட்டி எறிந்து, உளியாக அடித்துவிடுவான்.

மூன்று நாளாக வேலை மாறியிருந்தது. வளைந்த போல்ட்டுகளைச் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்தினான். உளி இரும்பை ஆறவைக்கிற பழக்கத்தில் சாம்பலுக்குள் புதைத்தான். தலையை மட்டும் வெட்டவில்லை.

“மரையை நல்லா தேய்ச்சிட்டு கருப்பு பெயின்ட் அடிச்சிடு” என்றான்.

உளிக்கு மரை எதற்கு என்று மனசு கேட்டது. வாய் கேட்கவில்லை. தெரியாதது போல இருந்துவிடுவது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

நாலாம் நாள் காலை, பழைய இரும்பு வியாபாரம் செய்யும் கொழுந்தன் சாக்கோடு வந்தான். ஒரு போல்ட்டை உருட்டிப் பார்த்தான்.

“அண்ணி கை பட்டா கிழவனும் மாப்பிள்ளை ஆயிடுவான் போல.”

“இது எங்க போகுது?”

“கிரேனுக்குத்தான். கொக்கியைத் தாங்குற தட்டுல மாட்டுவாங்க.”

“கீழ ஆளுங்க நிப்பாங்களே.”

“நிப்பாங்க. நீங்க ஏன் அண்ணி அவங்களை எண்ணிக்கிட்டு இருக்கீங்க?”

கணவனைப் பார்த்தாள். அவன் உலைக்கரியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“ஒருதரம் செவந்துட்டா அது போல்ட்டே இல்லைன்னு நீங்கதானே சொல்வீங்க?”

“தாங்கும்டி. தலையில நம்பர் அப்படியேதானே இருக்கு.”

அந்தப் பதில் கூடையைவிட அருவருப்பாக இருந்தது. கிரீஸ் பரவாயில்லை, தேய்த்தால் போய்விடும். கணவனின் இந்த வாயிலிருந்து இதுவரை வந்த சாப்பாட்டு நேரப் பேச்சு, கொஞ்சல் எல்லாவற்றின் மேலும் ஏதோ பிசுபிசுப்பு ஏறியது போலிருந்தது. மூன்று நாள் பிரஷ் பிடித்த தன் மேலும்தான்.

உலைக்குப் போகாத போல்ட்டு ஒன்றை எடுத்து, பட்டறை மேசையில் இரும்பைப் பிடிக்கும் வைசில் இறுக்கினாள். சுத்தியலால் ஓங்கி அடித்தாள். சுத்தியல் துள்ளித் திரும்பியது. அதைக் கழற்றிவிட்டுப் பெயின்ட் அடித்த ஒன்றை மாட்டி அதே வேகத்தில் அடித்தாள். தலை சாய்ந்தது. இன்னொரு அடியில் படுத்தே விட்டது.

கொழுந்தன் சிரிப்பை விழுங்கினான். “அண்ணே, இதென்ன மெழுகா?”

“சாம்பல்ல வச்சா இளகாம என்ன செய்யும்” என்றான் கணவன், தரையைப் பார்த்து. அவனுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

அவள் மூன்றாவதாக இன்னொரு கருப்பு போல்ட்டை மாட்டி அடித்தாள். நாலாவதை அடித்தாள். கொழுந்தன் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“வளைச்ச சரக்கை நான் எங்க கொண்டுபோய்த் தள்றது? உங்க பொண்டாட்டிகிட்ட பேசிட்டுச் சொல்லுங்கண்ணே” என்று வெளியேறினான்.

“போதும் விடு. மிச்சத்தை உளியா அடிச்சிடறேன்” என்றான் கணவன். “சரிதானே?”

 கூடையில் பெயின்ட் அடித்தவை இன்னும் முப்பதுக்கு மேல் கிடந்தன. அடுத்ததை எடுத்து வைசில் இறுக்கினாள்.