நூறு சீட்டுக் கட்டு

பல்செட் கட்டுகிறவளுக்கு ஊரில் பாதிப் பேரின் வாய் தெரியும், ஆள் தெரியாது. பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, பல் அடுக்கி, ஈறுக்கு ரோஸ் நிறம் ஏற்றி முன்னறைக்கு அனுப்பிவிடுவாள். தெருவில் யாராவது சிரித்தால் பல்லை அடையாளம் கண்டுதான் பதிலுக்குச் சிரிப்பாள். கல்யாணம்? ஆனது, முடிந்தது. தெருவும் கேட்காமல் விடவில்லை. அவளிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

சாயங்காலம் வந்ததும் கதவைச் சாத்துவாள். டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து அதில் சீட்டாட உட்காருவாள். மதில், வில்லாளி, யானை என்று படம் போட்ட சீட்டுகள். தொடக்கத்தில் கையில் ஐந்து. பிறகு ஒவ்வொரு முறைக்கும் கட்டிலிருந்து ஒன்று வரும். எது வரும் என்பது அந்தக் கட்டுக்கே வெளிச்சம். கட்டு ஆளுக்கொன்று, அவரவர் இஷ்டப்படி சேர்ப்பது; குறைந்தது நாற்பது சீட்டு இருக்க வேண்டும், மிஞ்சினால் நூறு. யானையும் வில்லாளியும் தாக்கும், மதில் தடுக்கும்; எதிராளியின் கோட்டையை விழவைத்தால் வெற்றி. எடுக்கச் சீட்டில்லாதவரும் தோற்றார்.

எதிராளி எப்போதும் ஒருவன்தான்: 'ஒட்டடைக்குச்சி'. நெட்டையாய் வளர்ந்த அண்ணனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் அது. வேறு எவனும் தனக்குத்தானே அப்படிப் பெயர் வைத்துக்கொள்ள மாட்டான். அவள் 'குண்டூசி'. அதுவும் அதே வீட்டில் வைத்ததுதான். இருவருக்கும் தெரியும், இருவரும் தெரியாத மாதிரி. அப்பா செத்தபோது, எல்லாம் முடிந்த பிறகு பெட்டியோடு வந்து நின்றவனிடம், "இப்ப எதுக்கு வந்தே? வராமலே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். தங்கை பேச்சைத் தட்டாத அண்ணன். அதன்பின் வரவேயில்லை.

ஆட்டத்தில் பேச வழியில்லை. வணக்கம், அடடா, சற்றுப் பொறுங்கள், நன்றாக ஆடினீர்கள் என்று நாலே பொத்தான்கள். தலையில் குட்டி "ஏய் குண்டூசி" என்று கூப்பிட்டவன், இப்போது தினமும் மரியாதையாக விடைபெற்றுப் போகிறான்.

அவள் கட்டில் நூறு சீட்டு. கையில் அகப்பட்டதையெல்லாம் திணித்தது. பாதிக்கு மேல் மதில். வேண்டிய சீட்டு வேண்டிய நேரத்தில் வராது. வராவிட்டால் என்ன? அவள் மதிலாக அடுக்குவாள், அவன் இடிப்பான். நாற்பதே சீட்டு வைத்துச் சட்டென்று முடிக்கத் தெரிந்தவன், தங்கையின் மதிலோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடப்பான். டீ ஆறி ஆடை கட்டும். முடிவில் தோற்றாலும் அவளுக்கு அது போதும்.

இதில் மூக்கை நுழைத்தவள் ஆஸ்பத்திரி வரவேற்புக்காரி. யாருக்காவது உபகாரம் செய்யாவிட்டால் சோறு இறங்காத ஜென்மம். ஒருநாள் பின்னறை மேசைமேல் சீட்டுக் கட்டு திறந்தபடி கிடந்த போனை எட்டிப் பார்த்தவள் வாயைப் பிளந்தாள்.

"என்னக்கா இது, நூறு கார்டா! சந்தைக் கூட்டம் மாதிரி இருக்கு. வேண்டிய ஆளை இதுல எங்கே தேடுவீங்க?"

"இருக்கட்டும், விடு."

"நாப்பதுக்கு மேல ஒண்ணுகூட வைக்கக் கூடாதுக்கா. கட்டு சின்னதா இருந்தாத்தான் யானை சீக்கிரம் கைக்கு வரும்."

"நிறைய இருந்தா நிறைய நேரம் ஓடுமில்ல?"

"நேரம் ஓட்டவா ஆடறீங்க? ஜெயிக்க ஆடுங்கக்கா. இப்படிக் குடுங்க!"

பல்செட்காரியின் இரு கைகளும் பிளாஸ்டரில் மணிக்கட்டு வரை இருந்தன. பிளாஸ்டர் இறுகத் தொடங்கினால் யாருக்காகவும் நிற்காது. "வேணாம்டி" என்று வாயால் மட்டும்தான் தடுக்க முடிந்தது. அவள் கை கழுவி வருவதற்குள் மதில்களெல்லாம் வெளியே. யானை, வில்லாளி எல்லாம் உள்ளே.

அன்று சாயங்காலம் முதல் ஐந்தில் இரண்டு யானை. அடுத்து வில்லாளி. கை சும்மா இருக்குமா? சின்ன வயதில் ஓட்டத்தில், தாயத்தில், எதிலுமே ஜெயிக்க விடாத அண்ணன் வேறு. குஷியில் யானையை இறக்கினாள், இன்னொன்றையும் இறக்கினாள். 'வெற்றி' என்று திரை பூச்சொரிந்தபோது அடுப்பில் தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை.

'நன்றாக ஆடினீர்கள்' என்றான். போய்விட்டான்.

மறுநாள் வரவேற்புக்காரி பல்லெல்லாம் தெரியக் கேட்டாள். "ஜெயிச்சீங்களாக்கா?"

"ஜெயிச்சேன்."

"பாத்தீங்களா!"

"பாத்தேன்."

அன்று அவன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிய மாதிரி இருந்தது அவளுக்கு. ஒருமுறை வாயால் சொன்னாள், இந்த முறை யானையால் சொன்னாள். கழற்றிய மதில்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கட்டில் சேர்த்தாள். இனி யாருக்கு மதில்? போனில் அவன் நம்பர் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள். அழைத்து என்னவென்று சொல்வது, மெதுவாகத் தோற்கிறேன் வா என்றா? டீ போட மறந்த சாயங்காலங்கள் வந்தன. எதிர்வீட்டில்கூடக் கேட்டார்கள், என்ன அந்த வீட்டில் ஆளே இல்லையா என்று.

ஒரு சாயங்காலம் டீக்குத் தண்ணீர் வைத்து நிமிர்ந்தபோது, சர்க்கரை டப்பாவில் சாய்த்த போனில் ஆட்டத்தின் மணி அடித்தது. 'வணக்கம்' என்றான் ஒட்டடைக்குச்சி.

அவள் அவசரமாகத் தொட்டாள். கைச் சீட்டு ஐந்தும் விரிந்தது: மூன்று மதில், ஒரு ஓட்டைப் படகு, ஒரு உதவாக்கரைக் குதிரை. அப்புறம்தான் அவன் பக்கம் பார்த்தாள். எதிராளியின் கட்டில் மிச்சம் எத்தனை என்று மூலையில் ஓர் எண் தெரியும். முதல் ஐந்து போக எப்போதும் முப்பத்தைந்தாக இருப்பது, இன்று தொண்ணூற்றைந்து.

திரும்பத் திரும்பப் பார்த்தாள். தொண்ணூற்றைந்துதான். இத்தனை நாளும் இந்தச் சீட்டுகளைத்தான் சேர்த்துக்கொண்டிருந்தானா?

அவன் ஒரு சீட்டு எடுத்தான். உருப்படியாக ஒன்றும் இல்லை போலிருக்கிறது, ஒரு மதிலை வைத்தான். அவளும் எடுத்தாள், இன்னொரு மதில். வைத்தாள். போகப்போகப் பாதித் திரை அவன் மதில், பாதித் திரை இவள் மதில்; இடிக்க இரண்டு பக்கமும் ஆளில்லை.

அடுப்பில் தண்ணீர் பொங்கியது. 'சற்றுப் பொறுங்கள்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு எழுந்தாள். டீயோடு திரும்பியபோது அவன் அங்கேயே இருந்தான்.