வேண்டுதலில் போன முதல் வெர்ஷன்

வேலை கிடைத்தால் கம்ப்யூட்டரில் இருக்கும் கேம்களை எல்லாம் அழித்துவிடுகிறேன், இனிமேல் தொடவே மாட்டேன் என்று சிரஞ்சீவி ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டிருந்தான். திருப்பதியிலேயே வேலை கிடைத்தது. சொன்ன சொல் தவறாமல் ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்தான். அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறி, முடி கொடுத்துவிட்டு வந்தான். மனம் பஞ்சாக இருந்தது.

மொட்டைத் தலையில் முடி முளைப்பதற்குள் சித்தூரிலிருந்து இந்திராணி போன் செய்தாள். கூடப் படித்தவள். கல்லூரி நாட்களில் அவள் ஒரு பஸ் கேம் செய்திருந்தாள். அதில் கண்டக்டரும் பயணிகளும் அவளுடைய ஊரான பிச்சாட்டூரின் தமிழிலேயே சண்டை போடுவார்கள். பிறகு அதை வாங்கிய கம்பெனி, பேச்சையெல்லாம் தெலுங்கும் இங்கிலீஷுமாக மாற்றிவிட்டது.

"பழைய கேம்ங்களோட எல்லா வெர்ஷனையும் நெட்ல சேத்து வெக்கிறாங்களே, அந்த ஆர்க்கைவ்ல நம்ம கேமும் வந்துகீதுடா! மொத வெர்ஷன் மட்டும் இல்லியாம். கம்பெனிக்காரனும் போட்டுக்கோன்னுட்டான். என் லேப்டாப் எப்பவோ செத்துப்போச்சு. உன்கிட்ட குடுத்து வெச்சனே, அத்த அனுப்பு."

"தேடிப் பாக்கறேன்" என்றான். தேடுவதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தே சொன்னான்.

அன்றிலிருந்து சாமி படத்துக்கு முன்னால் நின்றால் கை கூப்ப வரவில்லை. தன்னுடையதைக் கொடுப்பதாகத்தான் வேண்டிக்கொண்டிருந்தான். கொடுத்ததில் அடுத்தவள் பொருளும் சேர்ந்து போயிருந்தது. அதை எந்தச் சாமி கேட்டது?

ஞாயிற்றுக்கிழமை சித்தூர் பஸ் ஏறினான். புத்தலப்பட்டு வந்ததும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இந்திராணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் மயிர நீ குடுத்த, சரி. என் தலையக் குடுக்கச் சொல்லி யாருடா சொன்னது?"

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்திவிடுவாள் என்று நினைத்தான். ஒரு கையில் உப்புமாத் தட்டும், இன்னொரு கையில் லேப்டாப்புமாக வந்தாள்.

"மொதல்ல துன்னு. அப்பறம் எழுது. கெடைக்காத வெர்ஷனப் பத்தி ஞாபகம் இருக்கறத எழுதலாம்னு அந்த ஆர்க்கைவ்ல எடம் விட்டுகீறாங்க. கடைசி வரைக்கும் ஆடினவன் நீ ஒருத்தன்தான்."

அவன் யோசித்தான். "கோழிக்காரி ஏறுவா. 'கோழிக்கு இன்னாத்துக்கு டிக்கெட்டு? அது இன்னா சீட்லயா குந்திக்கினு வருது?'ம்பா."

கோபத்தையும் மீறி இந்திராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்குக் கண்டக்டர் இன்னா சொல்லுவான்?"

சிரஞ்சீவிக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. எழுதிய அவளுக்கும் வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டார்கள்.

எப்படித் தொலைந்தது என்று கேட்டிருந்த இடத்தில், "டிஸ்க் பழுதாகிவிட்டது" என்று அவளே அடித்தாள். அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து அதை அழித்துவிட்டு, "என்னை நம்பிக் கொடுத்ததைக் கேட்காமல் அழித்தேன். சிரஞ்சீவி, திருப்பதி" என்று எழுதினான்.

இந்திராணி படித்தாள். மாற்றப் போன விரலை எடுத்துக்கொண்டாள்.

"கோழிக்காரிக்கு அப்பறம் யாரு ஏறுவா? சொல்லு" என்றாள்.