சங்கரன் சேர்த்து வைத்த வெயில்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, 'வீட்டு மாடியில் மின்சாரம் தயாரித்தால் என்னென்ன சலுகைகள்' என்று இரண்டு பக்கக் கட்டுரை வேண்டுமென்று செயலாளர் ராமானுஜம் கேட்டார். எழுத்தாளர் என்றால் எதையும் எழுதுவார் என்று அவருக்கு ஓர் எண்ணம். எனக்கும் அந்த எண்ணம் உண்டு என்பதால் சரி என்றுவிட்டேன்.

கட்டுரையின் முதல் வரி இப்படி இருந்தது:

சூரிய ஒளித் தகடுகளை மாடியில் பொருத்தும் குடும்பங்களுக்கு அரசு வழங்கும் மானியத்தால் நாட்டின் எரிசக்தித் தேவையில் ஒரு கணிசமான

இந்த இடத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. எழுதுகிறவனுக்கே வந்தால் படிக்கிற உங்கள் கதி என்ன? அப்போதுதான், மயிலாப்பூர் மாடவீதியில் ஒருவர் கீரைக்காரரிடம் தன் போனை நீட்டி எதையோ காட்டிக்கொண்டு நிற்பது மனக்கண்ணில் தெரிந்தது. விட்டால் போய்விடுவார் என்று ஒரு பெயர் வைத்து நிறுத்திக்கொண்டேன். சங்கரன்.

2

சங்கரனுக்கு அறுபத்தாறு வயது. வங்கியில் முப்பத்தைந்து வருஷம், அதில் முக்கால்வாசி வைப்புநிதிப் பிரிவில். மனைவி விசாலாக்ஷி பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். [வெளிநாட்டில் ஒரு மகன் என்று எழுதி அடித்துவிட்டேன். மயிலாப்பூர்க் கதை என்றால் வெளிநாட்டு மகன் வந்தே தீர வேண்டுமா என்ன? இவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒருவருக்கு மற்றவர்தான்.]

போன வருஷம் ஜூனில் அவர்கள் மாடியில் தகடுகள் ஏறின. மானியம் வங்கிக் கணக்கில் விழுந்த அன்று வீட்டில் பாயசம். வாசலில் புது மீட்டர் வந்தது. வீடு எடுத்துக்கொள்ளும் மின்சாரம், வீட்டிலிருந்து வெளியே கம்பிக்குப் போகும் மின்சாரம், இரண்டையும் அது எண்ணும். போனது அதிகம் என்றால் மிச்சம் உங்கள் பெயரில் வரவாகும், அடுத்தடுத்த பில்லில் கழியும்.*

வரவு! அந்தச் சொல்லைக் கேட்டதும் முப்பத்தைந்து வருஷப் பழக்கம் சங்கரனுக்குள் எழுந்து உட்கார்ந்தது. வெளியே போகும் ஒவ்வொரு யூனிட்டும் அவருக்கு வைப்புநிதியாகவே தெரிந்தது. முதிர்வுக்கு முன்னால் அதை யாராவது உடைப்பார்களா? மின்விசிறி வேகம் இரண்டுக்கு மேல் போகக் கூடாது என்று வீட்டில் சட்டம் வந்தது. ஏசிக்கு ஓர் உறை தைத்து மாட்டிவிட்டார். அரசு மின்சாரம் தயாரிக்கத்தான் மானியம் கொடுத்தது, சங்கரன் அதோடு வியர்வையும் சேர்த்துத் தயாரித்தார்.

போனில் ஒரு செயலி, இதுவரை எத்தனை யூனிட் அனுப்பினார் என்று காட்டும். அந்த எண் ஏறுமே தவிர இறங்காது. பில் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் பில்லை அவர் படிப்பதே இல்லை, செயலியைத்தான் பார்ப்பார். ஒருநாள் கீரைக்காரரிடம் காட்டினார்.

"மூவாயிரத்து இருநூறு யூனிட், பாரும்."

"அத்த வெச்சு இன்னா சார் பண்ணுவீங்க?"

"வெச்சுப்பேன்" என்றார் சங்கரன்.

* இந்த விதி இன்றும் இப்படித்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் எழுதி முடிப்பதற்குள் விதிகள் மாறிவிடலாம். இந்தக் கதைக்குள் இப்படி. வெளியே எப்படி என்று ராமானுஜம் விசாரித்துச் சொல்வார்.

3

மே மாதம், கத்திரி வெயில். சங்கரன் மறுபடி அதே கீரைக்கடையில். செயலியில், அந்தந்த நேரம் எவ்வளவு வெளியே போகிறது என்று காட்டும் கோடு திடீரென்று சரிந்தது. உடனே வீட்டுக்கு அடித்தார்.

"விசாலம், ஆத்துல யாரு ஏசி போட்டது?"

"நான்தான். திருடன் வந்து ஏசி போட்டுண்டு ஒக்காந்திருக்கான்னு நெனச்சேளா?"

"ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட் போயிடும். அணைச்சுடு."

"அங்கேர்ந்து உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"போன்ல தெரியறதே!"

"மீட்டரைப் பாத்துண்டிருக்கேள்னு நெனச்சேன். என்னையன்னா பாத்துண்டிருந்திருக்கேள்" என்றாள் விசாலாக்ஷி. போனை வைத்துவிட்டாள்.

4

இங்கே எனக்கும் விசாலாக்ஷிக்கும் தகராறு.

முதல் வரைவில், வீட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லா சுவிட்சையும் போட்டுவிட்டுப் போகிறாள். ஏசி பதினெட்டில், மின்விசிறி ஐந்தில், பட்டப்பகலில் அத்தனை விளக்கும், கிரைண்டர் வெறுமனே சுற்றிக்கொண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கிரைண்டரை வெறுமனே ஓடவிடுகிற பெண்ணாகவா நான் தெரிகிறேன் என்று கேட்டாள். நியாயம்தான்.

ஆகவே இரண்டாவது வரைவு. புடவை மாற்றிக்கொண்டாள். எல்லாவற்றையும் அணைத்தாள். கடைசியாக மெயினையும் இறக்கினாள். வெளிக்கம்பியோடு தொடர்பு அறுந்தால் மாடித் தகடும் வேலை செய்யாது. வெயில் காயும், ஒரு யூனிட்கூடப் போகாது. இது அவளுக்குத் தெரியும். மாடவீதியில் சங்கரனின் போனில் கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

அவர் ஓடி வந்தார், அறுபத்தாறு வயதில், கீரைக்கட்டோடு. வந்தவர் வீட்டுக்குள் போகவில்லை. நேராக மீட்டர் பெட்டிக்குப் போனார். [இதை மாற்ற நான் நிறைய முயன்றேன். 'விசாலம்' என்று கூப்பிட்டபடி உள்ளே ஓடுவதாக இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் பெட்டிக்கே போய் நின்றார்.]

அங்கேதான் அவர் வருவார் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கடிதம் மெயின் சுவிட்சில் செருகியிருந்தது: "நங்கநல்லூருக்கு, தங்கம் ஆத்துக்குப் போறேன். இனிமே எல்லா யூனிட்டும் உங்களுக்கே."

தங்கம் அவள் தங்கை. பத்து நாள் சங்கரன் போன் செய்தார். பத்து நாளும் தங்கம்தான் எடுத்தாள், "அக்கா தூங்கறா அத்திம்பேர்" என்றாள். ஒருவர் பத்து நாள் தூங்க முடியாது என்பது சங்கரனுக்கும் தெரியும்.

5

பதினோராம் நாள் ரீடிங் எடுக்க தேவானை வந்தாள். கோட்டூர்புரத்துக்காரி, இந்தத் தெரு முழுக்க அவள் கணக்கு. சங்கரன் வியர்த்து வழிய, மின்விசிறி கூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பிடிவாதம் இல்லை. போடத் தோன்றவில்லை.

"இன்னா சார், மாடி நெறிய கரண்ட்ட வெச்சிக்கினு இப்டி வேர்த்துக்கினு கீறீங்க?"

"சேத்துண்டிருக்கேம்மா."

"எத்த சேக்கறீங்க? வருசக் கணக்கு மார்ச்சோட முடிஞ்சிட்ச்சு. மிஞ்சினது அல்லாம் போச்சு. ஏப்ரல்லேர்ந்து புதுசா ஓடிக்கினு கீது. பில்லுலயே போட்டுக்கீதே, பாக்கலியா?"

"போச்சுன்னா? எங்கே போச்சு?"

"எங்க போவும்? பக்கத்து ஊட்ல ஃபேன் சுத்தியிருக்கும்." தேவானை உள்ளே எட்டிப் பார்த்தாள். "அம்மா எங்க சார்? போன தபா மோர் குட்தாங்க. வெயிலு ஒத்துக்கல, தலை சுத்துதுன்னாங்க. டாக்டராண்ட காட்னாங்களா?"

சங்கரனுக்கு யூனிட் போனது அப்போது உறைக்கவே இல்லை. தலை சுற்றல் என்று ரீடிங் எடுக்க வருகிறவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஏசி போட்டது அவருக்குத் தெரிந்தது, ஏன் போட்டாள் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது. தேவானை பார்க்காதது போல் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தார். பேரம் பேசவில்லை.

6

இப்போது நங்கநல்லூரில் தங்கம் வீட்டு வாசலில் நிற்கிறார். எனக்கு ஒரு முடிவு தேவை.

ராமானுஜத்துக்குப் பிடித்த முடிவு: விசாலாக்ஷி திரும்பி வருகிறாள், ஏசி உறை கழற்றப்படுகிறது, 'சலுகைகளைப் பெறுவோம், சுகமாக வாழ்வோம்' என்று கட்டம் கட்டிய ஒரு வரி. எனக்குப் பிடித்த முடிவு: தங்கம் வீட்டு மாடியிலும் தகடு ஏறுகிறது, அக்காளும் தங்கையும் வருகிற யூனிட்டை அன்றன்றைக்கே செலவழித்துக் குளிரக் குளிரப் படுத்திருக்கிறார்கள், அத்திம்பேர் வெளியே நிற்கிறார். மூன்றாவது முடிவு:

கதவு திறந்தது. தங்கம் இல்லை, விசாலாக்ஷி. ஒரு சுற்று இளைத்திருந்தாள். "விசாலம்" என்றார் சங்கரன், "நான்

இதற்கு மேல் எழுதிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வைத்தேன், அடித்தேன். மார்ச் விதியை விளக்க வைத்தேன், அதைவிட வேகமாக அடித்தேன். அவள் சிரித்தாள் என்றும் எழுதினேன். அவள் சிரிப்பாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பெண்ணை ஏற்கெனவே ஒருவர் தூரத்திலிருந்து பார்த்தது போதும். இன்னொருவர் இங்கே பேனாவோடு உட்கார்ந்து, அவள் முகம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் யோக்கியமா?

நான் எழுந்து போகிறேன். நீங்களும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். அவர்கள் பேசட்டும்.