ஆளுக்குப் பாதி

“மிஸ்ஸிகிட்ட சொல்றதுக்கென்ன, ரெண்டு போத்தலையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்துட்டோம்லா,” என்றார் காளியப்பன்.

மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்த பியாட்ரிஸ் நிமிர்ந்தாள். பல்கலைக்கழகப் புற்றுநோய் மையத்தின் ஆய்வுப் பிரிவில் அவள் தாதி. அங்கே புதிய மருந்தொன்றைச் சோதிக்கிறார்கள். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே உருவில் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவளுக்கும் தெரியாது.

பாலோ ஊர்க் காளியப்பனும் லாயாங் லாயாங் ஊர் வாலண்டைனும் ஒரே வேனில் சிகிச்சைக்கு வந்து சிநேகிதர்களான நோயாளிகள்.

“இவனுக்கு வெறும் மாவு விழுந்திருந்தா? பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்கறதா? அதான், ஆளுக்குப் பாதி.”

“நான் வேணாம்னேன் மிஸ்ஸி. இந்தக் கெழவன் கேக்கல,” என்றார் வாலண்டைன்.

அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால் இருவரையும் ஆய்விலிருந்து நீக்கிவிடக்கூடும். பேசாமல் இருந்துவிட்டு அதற்கு இரக்கம் என்று பெயர் வைக்கலாமா என்று தோன்றியதும் அவளுக்கே கூசியது. ஆய்வின் விடை பொய்யானால், அதை நம்பி நாளை இந்த மருந்தை விழுங்கப் போகிறவர்களின் கதி?

ஆய்வை நடத்தும் டாக்டர் வாசுகியிடம் சொன்னாள். கோபத்தை எதிர்பார்த்து நின்றவளிடம் அவர் முதலில் கேட்டது, “ரெண்டு பேருக்கும் உடம்பு எப்படி இருக்கு?” உடனே ரத்தப் பரிசோதனை. மாத்திரையை நிறுத்தி வைத்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவித்தார். ஆய்வு முடிவோடு இந்தத் தவறையும் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையில், இருவரும் தொடரலாம் என்றது குழு.

புதிய போத்தல்கள் வந்த அன்று காளியப்பன் குரலைத் தாழ்த்தினார். “எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க டாக்டர். யாருக்கு மருந்து?”

“எனக்கும் தெரியாது அங்கிள்.”

“அலமாக்! நீங்கதானே இங்க பெரியவங்க?”

“யாருக்குன்னு தெரிஞ்சா, மருந்து பலிக்கணும்ங்கற ஆசையோடதான் உங்களைப் பார்ப்பேன். இல்லாத முன்னேற்றமெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதான் எனக்கும் சொல்லாம வெச்சிருக்காங்க.”

பியாட்ரிஸ் டாக்டரையே பார்த்தாள். இத்தனை வருட உழைப்பு வீணாகவும் போகலாம் என்று தெரிந்தே, விடையை எட்டிப் பார்க்காமல் தினமும் வேலைக்கு வருகிறார். தன் ஜெபத்தில்கூட அவளுக்கு அந்தப் பொறுமை வாய்த்ததில்லை.

காளியப்பன் இரண்டு போத்தல்களின் பெயர்ச்சீட்டையும் படித்தார். பிறகு வாலண்டைனின் கையில் அவருடைய போத்தலை வைத்து, விரல்களை மூடினார்.

“உன்னுது உன்கிட்டயே இருக்கட்டும்டா.” முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எதுக்குடா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற? மருந்து எனக்குத்தான் விழுந்திருக்கும். நீ உன் கதையப் பாரு,” என்றார் வாலண்டைன்.