தேயாத ஓரங்கள்

தடாலென்று இறங்கிய கடை ஷட்டரை வேன் டிரைவர் இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்தான். பின்னால் அவன் மனைவி மூச்சிரைக்க நின்றாள்.

"அண்ணே, மூடிடாதீங்க! இந்த ஒரு கார்டை மட்டும் பாருங்க. இதை வித்தாத்தான் வேனுக்கு இன்ஜின் மாத்த முடியும். வேன் ஓடலைன்னா வீட்ல அடுப்பு எரியாது."

"தினமும் ஒருத்தர் பொக்கிஷத்தோட வர்றார். எல்லாம் பிரிண்டர்ல பொறந்த பொக்கிஷம்," என்று அலுத்தபடி, பழைய அபூர்வ கார்டுகளை வாங்கி விற்கும் வியாபாரி விளக்கைப் போட்டார்.

டிரைவர் சிறுவயதில் சேர்த்த, கால்பந்து வீரர் படம் போட்ட கார்டு அது. வியாபாரி பூதக்கண்ணாடி வைத்து அச்சுப் புள்ளிகளைப் பார்த்தார். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அவர் முகம் மாறியது.

"அட, ஒரிஜினல்தான்யா! தேடினாலும் கிடைக்காது."

டிரைவருக்குக் கண் கலங்கியது.

அளவு சரிபார்க்க வியாபாரி அதை, தன்னிடமிருந்த அதே வரிசைக் கார்டு ஒன்றின் மேல் வைத்தார். அடியிலிருந்த கார்டு நான்கு பக்கமும் மயிரிழையளவு வெளியே தெரிந்தது.

"வெட்டியிருக்காங்களே! மடங்கி, கிழிஞ்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். ஓரம் வெட்டி அளவு குறைஞ்ச கார்டை, சேகரிக்கிறவன் எவனும் தொடமாட்டான்."

"இருக்காதுண்ணே! அன்னிலேருந்து தகர டப்பாலதான் கிடக்கு. நல்லாப் பாருங்கண்ணே, கால்ல வேணாலும் விழறேன்!"

மனைவி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஓரமெல்லாம் அழுக்கா, பிசிறா இருந்துச்சுங்க. பார்க்கப் புதுசா இருந்தா நல்ல விலை வருமேன்னு, காலைல நான்தான் பார்த்துப் பார்த்து நறுக்கினேன்."