மூன்றாவது பனைக்கு வடக்கே

அன்று காலை ஊர்க்கொட்டகையில் இருந்தவர்கள்: ஊர்த்தலைவர் சாரின். கண்ணிவெடி அகற்றும் குழுவின் மேற்பார்வையாளர் கோலின், இங்கிலாந்துக்காரர். நிலத்துக்காரர் தொயுன், அவர் மனைவி மாலிஸ். மொழிபெயர்க்க நான். பெஞ்சுக்கு அடியில் சாரினின் நாய்.

கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு சியம் ரீப் நகரத்தில் ஒரு விடுதியில் நான்கு வருடம் இரவுப்பணி பார்த்தவன் நான். குடித்துவிட்டுத் திரும்பும் வெள்ளைக்காரர்களிடம்தான் ஆங்கிலம் கற்றேன். அந்தப் பெருமை கோலினின் முதல் கூட்டத்திலேயே போயிற்று. யாரும் வாய்திறக்கத் தயங்கும் விஷயத்தை அவர்கள் ‘அறைக்குள் நிற்கும் யானை’ என்பார்கள். நான் அப்படியே சொல்லிவிட்டேன். ஒரு கிழவர் எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதிலிருந்து வார்த்தையை விட்டுவிட்டுப் பொருளைப் பிடிக்கப் பழகிக்கொண்டேன்.

“என்னடா விபோல், இன்னைக்கு யானை வருதா?” என்றார் சாரின்.

“உங்க நாயே போதும் தலைவரே.”

தொயுன் சிரிக்கவில்லை. ஆறு வருடமாக அவர் தன் நிலத்தில் கால் வைக்கவில்லை. கோலின் வரைபடத்தை விரித்தார். தெற்குப் பகுதி சுத்தம், உழலாம் என்றார். பேச்சு பட்டாவுக்குப் போனது. “அந்த நில அலுவலகம் ஒரு கண்ணிவெடி வயல்” என்றார் கோலின். பட்டா வாங்குவது சிக்கல், அதிகாரிகளிடம் பார்த்து நடக்கணும் என்று மாற்றிச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கோலினின் விரல் வரைபடத்தில் மேலே நகர்ந்தது. “மூன்றாவது பனைக்கு வடக்கே, அதுவும் கொஞ்சம் கண்ணிவெடி வயல்தான். பார்த்துத்தான் காலை வைக்கணும்.” அதே வறண்ட குரல். புயலைக்கூட லேசான காற்று என்று சொல்லும் ஆள் அவர்.

“மூணாவது பனைக்கு வடக்கேயும் காகிதச் சிக்கல் இருக்கு அண்ணே. யோசிச்சு இறங்கணும்” என்றேன்.

தொயுன் சாரினை ஒரு பார்வை பார்த்தார். அந்தத் துண்டு நிலத்தின்மேல் சாரினின் மச்சானுக்குக் கண் என்பது ஊருக்கே தெரியும்.

“காகிதம் மட்டும்தானே?”

“காகிதம் மட்டும்தான்.”

தெற்குப் பகுதியைப் பெற்றுக்கொண்டதாகக் கைநாட்டு வைத்துவிட்டு, தொயுன் மனைவியோடு கிளம்பிவிட்டார். அவசரம் ஏன் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் முதலில் ஏர் பூட்டியவன் பேச்சுத்தான் அலுவலகத்தில் எடுபடும்.

கோலின் நிதானமாக இரண்டு சிகரெட் பிடித்தார். பிறகு வண்டியிலிருந்து கட்டு ஒன்றை இறக்கச் சொன்னார். தலையில் சிவப்புப் பூசிய முளைக்குச்சிகள். மண்டையோடு வரைந்த பலகைகள்.

“பழசையெல்லாம் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மூன்றாவது பனையிலிருந்து நட்டுவிடு. வடக்கே குழு வர ஜனவரி ஆகும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “தொயுன் அமைதியாக ஏற்றுக்கொண்டாரே” என்றார்.

“ஆமாம் சார்” என்றேன். அந்த நேரத்திலும் வேலை போய்விடுமே என்றுதான் நினைத்தேன். அவர் வண்டி சாலையில் திரும்பி மறையும்வரை நின்றிருந்தேன். பிறகு கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

வயலுக்கு தொயுன் வீட்டைத் தாண்டித்தான் வழி. மரக்கால்கள்மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில் மாடுகள் இல்லை. கலப்பை இல்லை. ஏணிப்படியின் உச்சியில் மாலிஸ், கையில் சோற்றுத் தூக்கு.

“அக்கா, அண்ணனைக் கத்திக் கூப்பிடுங்க. பனைக்கு வடக்கே வெடி இருக்கு. நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

அவள் குச்சிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“காலையில காகிதம். இப்ப வெடி. மச்சானுக்காக சாரின் அனுப்புனானா?”

“சத்தியமா இல்லக்கா.”

“அடுத்தது யானைன்னு சொல்லு. பயந்து உள்ளயே கிடக்கிறேன்.”

வடக்கே மாட்டுமணி கேட்டது. பனைகளை எண்ணினேன். சத்தம் இரண்டாவதைத் தாண்டியிருந்தது. “அண்ணே!” என்று கத்தினேன். மணி நிற்கவில்லை.

மாலிஸ் தூக்கைக் கீழே வைத்தாள். கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இறங்குவதற்கு ஏணியின் மேல்படியில் காலை வைத்தாள்.