இறங்காத பந்துக்குக் கீழே

கோவில்பட்டி மைதானத்தில் காலையில் அடித்த பந்து மதியமாகியும் இறங்கவில்லை. ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது.

அது பெண்கள் சாப்ட்பால் இறுதிப் போட்டி. நெல்லை அணியும் தூத்துக்குடி அணியும் சமநிலை. கடைசி இன்னிங்ஸில் நெல்லைக்கு இரண்டு பேர் அவுட். பந்து மட்டையில் பட்ட சத்தம் கேட்டதுமே இரண்டாவது பேஸின் வெள்ளைத் திண்டிலிருந்து இசக்கியம்மாள் பாய்ந்துவிட்டாள். மூன்றாவது பேஸை ஒரு தொடு, மட்டையடிக்கும் இடத்திலிருக்கும் ஹோம் பிளேட்டை ஒரு தொடு, பந்தும் பிடிபடாமல் விழுந்துவிட்டால், மேடைத் தொட்டிலில் தூங்கும் கோப்பை நெல்லைக்கு.

மூன்றாவது பேஸின் மேல் தூத்துக்குடியின் பெனிட்டா ஏறி நின்றிருந்தாள். கையுறையை விரித்து, அண்ணாந்து பார்த்தபடி. நேர் மேலே பந்து கடுகளவில் தெரிந்தது.

"பந்தப் பிடிக்க நிக்கிறவளுக்குத்தான் வழி," என்றார் நடுவர் செல்வக்கனி. "ஓடுற நீதான் ஒதுங்கணும். தெரியாம அவ மேல கை பட்டாலும் அவுட். சத்தம் போட்டு அவ கவனத்தக் கலைச்சாலும் அவுட்."

"சுத்திப் போலாமா மேடம்?"

"தாராளமா."

பெனிட்டாவின் முழங்கைகள் அன்று மிக அகலமாக விரிந்திருந்தன. அதனால் இசக்கி மைதான வாசலைத் தாண்டி ஊருக்குள் சுற்ற வேண்டியதாயிற்று. பேருந்து நிலையம், கடலைமிட்டாய்க் கடைகள், சரக்கு ரயிலுக்காக மூடிய கேட். நடுவரும் விசிலைக் கவ்விக்கொண்டு கூடவே ஓடினார். "ஓடுக்கா, ஓடு!" என்று ஆட்டோக்காரர்கள் வழிவிட்டார்கள். இசக்கிக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. இவ்வளவு நீளமாக அவள் ஓடி ஆடியதே இல்லை.

பின்வாசல் வழியே மைதானத்துக்குள் நுழைந்தபோது பந்து எலுமிச்சை அளவுக்கு இறங்கியிருந்தது. பேஸின் மேல் பெனிட்டாவின் இரண்டு ஷூக்கள். நடுவில் ஒரு விரல் போகிற அளவுக்குத் திண்டின் வெள்ளை.

"ஏளா இசக்கி, நீயா வாற?" பெனிட்டா மேலே பார்த்தபடியே கேட்டாள். இருவரும் விளையாட்டு விடுதியில் ஒரே அறையில் வளர்ந்தவர்கள். "கண்ணுல வேர்வை எரியுது. தொடச்சு விடேன்."

இசக்கியின் கை தானாக எழுந்தது. பாதியில் அதை மடக்கிக்கொண்டு நடுவரைப் பார்த்தாள். அவர் வந்து தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

இசக்கி மண்ணோடு மண்ணாகப் படுத்தாள். மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு ஊர்ந்தாள். ஷூக்களுக்கு நடுவே ஆள்காட்டி விரலை நுழைத்தாள், வெள்ளை தட்டுப்பட்டது. துள்ளி எழுந்து பறந்தாள். கூட்டம் பெஞ்சுகளின் மேல் ஏறி நின்று அலறியது. ஹோம் பிளேட்டை நோக்கி அவள் சறுக்கியபோது புழுதி கூரை உயரத்துக்கு எழுந்தது.

பின்னால் பந்து பெனிட்டாவின் கையுறையில் பட்டு, நழுவி, பேஸின் மேலேயே பொத்தென்று விழுந்தது.

"சேஃப்!"

பெனிட்டா வந்து இசக்கியைக் கட்டிக்கொண்டாள். "நீ தொடச்சிருந்தா நாங்க தப்பிச்சிருப்போம்ளா," என்றாள்.

பரிசளிப்பில் கோப்பையைப் பூந்துவாலையில் சுற்றிக் கொடுத்தார்கள். அதற்கு இன்னும் பல் முளைக்கவில்லை. மைக் சத்தத்துக்குச் சிணுங்கியது. இசக்கி அதைத் தோளில் போட்டுத் தட்ட, பெனிட்டா பால் வாங்கி வர ஓடினாள்.